உயிர்வேதியியல் துறைக்கு ஓர் ஆள்

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகிற சாலையில், கிணத்துக்கடவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே உயிர்வேதியியல் துறைக்குத் தலைவர் பேராசிரியர் சென்னியம்மாள். அதே பக்கத்து விவசாயக் குடும்பம். பெண்பிள்ளையைக் கெமிஸ்ட்ரி படிக்க அனுப்பியவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருத்தன்தான் என்று அவருடைய அப்பா சாகும்வரை பெருமையடித்துக்கொண்டிருந்தார். வருகிற மே மாதம் சென்னியம்மாளுக்கு ஓய்வு. அதற்குள் செய்ய வேண்டியது என்று மனதில் ஒன்றைத்தான் வைத்திருந்தார். துறையின் ஆராய்ச்சியைத் தூக்கி நிறுத்த உருப்படியான ஓர் ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஆராய்ச்சிப் பேராசிரியராக இருந்தவர் போன வருடம் பெங்களூரில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து ஆய்வகம் உறை போட்ட இயந்திரங்களின் கிடங்காக இருந்தது. வாங்கும்போது ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்ட இயந்திரங்கள்தான் எல்லாம். நம் ஊர்களில் இயந்திரம் வாங்கிக் கொடுக்க நூறு பேர் முன்வருவார்கள், அதை ஓட்டத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பதில்தான் எல்லோருக்கும் சலிப்பு வந்துவிடும். அந்தக் கிடங்கில் மௌனிகா என்ற ஆய்வு மாணவி மட்டும் தினமும் வந்து விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத் தொழிலாளிகளின் ரத்தத்தில் ஒரு என்சைம் எவ்வளவு குறைகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. பாதிக் கிணறு தாண்டியிருந்தாள். வழிகாட்ட ஆள் இல்லை. சென்னியம்மாளே வழிகாட்டலாம் என்றால், அவர் ஆய்வகத்தில் கையுறை மாட்டி எத்தனையோ காலமாகிவிட்டது. கமிட்டிகளும் கையெழுத்துகளும் அவருடைய வேதியியலை எப்போதோ தின்று முடித்திருந்தன.

மெர்சியை அவர்தான் தேடிக் கண்டுபிடித்தார். மௌனிகாவுக்காக அதே என்சைமைப் பற்றிய கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் ஒரு ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு கட்டுரைகளில் அந்தப் பெயர் இருந்தது. படித்ததும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு சுத்தமான வேலையைப் பார்த்து நாளாகியிருந்தது. விசாரித்தால் வால்பாறைப் பெண். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. உடனே கடிதம் எழுதினார். ஒரு வாரத்தில் வீடியோவில் பேசினார்கள்.

மெர்சி சுற்றி வளைக்கவில்லை. "மேடம், இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. அங்க ஏற்கெனவே யாரையாவது முடிவு பண்ணி வெச்சிருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் இங்கயே இருந்துக்குவேன். அம்மாவுக்கு ரிட்டையர் ஆயிருச்சு, எஸ்டேட்ல தொழிலாளிகளுக்குக் குடுக்கற லைன் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவங்களையும் எங்கயாவது வெக்கணும். ஏதோ ஒண்ணு எனக்கு நிச்சயமாத் தெரியணும்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க அம்மணி," என்றார் சென்னியம்மாள். "திறமையை மட்டுந்தான் பாப்போம். அதுக்கு நான் பொறுப்பு."

மெர்சி ஜெர்மனி வேலையை விட்டுவிட்டு வந்தாள். வால்பாறையில் அம்மாவோடு இருந்தபடி நேர்காணலுக்குக் காத்திருந்தாள். கோயமுத்தூர் சுந்தராபுரத்தில் ஒரு சின்ன வீடு பார்த்திருப்பதாகவும் வேலை கிடைத்ததும் முன்பணம் கொடுப்பதாகவும் இடையில் ஒரு தடவை செய்தி அனுப்பியிருந்தாள். அதைப் படித்தபோது, கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டோமோ என்று சென்னியம்மாளுக்குத் தோன்றியது. பிறகு, நாம்தானே துறைத்தலைவர், நம்மை மீறி என்ன நடந்துவிடும் என்று தேற்றிக்கொண்டார்.

நேர்காணலுக்கு முந்தைய நாள் தாளாளர் நஞ்சுண்டன் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நூல் மில்லும் தோப்புமாக இருந்த குடும்பம். கல்லூரி ஆரம்பித்துப் பல்கலைக்கழகமாக்கியவர். எழுபதைத் தாண்டிய மனிதர், யாரிடமும் ஒருமையில் பேசமாட்டார். கூட்டிப் பெருக்குகிற பெண்ணைக்கூட "ஏனுங்கம்மா" என்றுதான் கூப்பிடுவார். "உங்க துறை, உங்க முடிவுங்க மேடம். நான் சும்மா உக்காந்திருக்கிறேனுங்க," என்றார். சென்னியம்மாள் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

விண்ணப்பித்தவர்களில் நேரில் பேச அழைக்கப்பட்டவர்கள் சிலர். அதில் கணக்கில் எடுக்கத் தகுந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தீபக், நஞ்சுண்டனின் பங்காளி ஒருவருடைய மகன். இன்னொருத்தி மெர்சி. தேர்வுக் குழுவில் நஞ்சுண்டன், சென்னியம்மாள், மைசூரிலிருந்து வந்திருந்த ஒரு வெளி நிபுணர். மற்றவர்களுக்கும் தீபக்குக்கும் காலையில் நேரம் கொடுத்திருந்தார்கள். வால்பாறையிலிருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி பஸ்ஸில் வர வேண்டும் என்பதால் மெர்சிக்கு மத்தியானம், கடைசி ஆளாக. அந்த ஏற்பாட்டைச் செய்ததும் சென்னியம்மாள்தான், அவள் நிதானமாக வந்து சேரட்டும் என்று.

தீபக் நல்ல பையன். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பணிவாக வந்தான், பணிவாகப் பேசினான், படம் படமாகக் காட்டினான். நிபுணர் ஒரு படத்தை நிறுத்தச் சொல்லி, மருந்து கொடுக்காத எலிகளிலும் அளவு ஏன் இப்படி ஏறியிருக்கிறது என்று கேட்டபோது மட்டும் திகைத்துப் போனான்.

"அந்தப் பகுதியை எங்க கைடு பாத்துக்கிட்டாருங்க சார்," என்றான்.

நஞ்சுண்டன் குறுக்கே வந்து அவனைக் காப்பாற்றினார். "அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்குதுங்க தம்பி?"

"இப்ப பரவால்லீங்க ஐயா."

அதோடு நேர்காணல் முடிந்தது. சென்னியம்மாளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. இவனையும் மெர்சியையும் அடுத்தடுத்துக் கேட்டால் முடிவு தானாகவே வந்துவிடும் என்று நினைத்தார்.

தீபக் வெளியே போனதும் அலுவலகக் கண்காணிப்பாளர் மோகன்குமார் ஒரு கோப்போடு உள்ளே வந்தார். மதிப்பெண் தாள். விண்ணப்பதாரர் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. எதிரே குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி. பத்திகள் எல்லாம் காலி. கீழே கையெழுத்துக்கு இடம்.

"எக்ஸ்பர்ட் சாருக்கு சாயங்காலம் பிளைட்டுங்க மேடம். பீளமேடு போகோணும், ரோட்டுல டிராபிக்கு வேற. இப்பவே கையெழுத்துப் போட்டுட்டா ஒரு வேலை முடிஞ்சுது. மார்க்கெல்லாம் நீங்க பேசி முடிவு பண்ணிச் சொன்னதும் நான் உள்ள எழுதிக்கிறேனுங்க."

தாள் இவரிடம் வந்தபோது நிபுணர் ஏற்கெனவே போட்டிருந்தார். நஞ்சுண்டனும் போட்டிருந்தார். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதல்ல. எந்தத் தேர்விலும் அப்படித்தான் நடக்கும். அதற்கு அங்கே பெயர் நம்பிக்கை. பெரிய மனிதர் ஒருத்தர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, நீட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவருடைய நாணயத்தைச் சந்தேகிப்பதற்குச் சமம். எங்கள் பக்கத்து ஆட்கள் பொன்னைக்கூட உரசிப் பார்த்து வாங்குவார்கள், மரியாதைக்குரியவர் நீட்டுகிற காகிதத்தைப் படிக்க மட்டும் கூச்சப்படுவார்கள். அப்படிக் கூச்சப்பட்டு எழுதிக் கொடுத்ததில் கைவிட்டுப் போன தோட்டங்கள் எத்தனை என்று கிணத்துக்கடவுப் பத்திர அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும்.

சென்னியம்மாளுக்கு அந்த நேரத்தில் இதெல்லாம் தோன்றவில்லை. இன்னும் மெர்சி பேசவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் பேனா நின்றிருக்கும். நஞ்சுண்டன் நிபுணரிடம் பேரூர்க் கோயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் ஒரு காதை வைத்தபடி இவர் கையெழுத்தைப் போட்டுத் தாளைத் தள்ளினார். பிறகு எல்லோரும் விருந்தினர் விடுதியில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள்.

மெர்சி மத்தியானம் வந்தாள். ஒல்லியான பெண். சாதாரணப் பருத்திச் சேலை, தோளில் ஒரு பை. மலைப்பாதையில் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. பேச ஆரம்பித்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

தேயிலைக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கு ஏன் கண் மங்குகிறது, ஏன் வாயில் எச்சில் ஊறி மூச்சு முட்டுகிறது என்பதிலிருந்து தொடங்கினாள். நரம்பு தசைக்குச் சொல்கிற சேதியை நேரத்துக்கு நிறுத்துகிற ஒரு என்சைம் உடம்பில் இருக்கிறது. மருந்து போய் அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டின புதிதில் அதைக் கழற்றிவிடலாம். நேரம் போகப் போக இறுகிவிடும். இறுகிய பிறகு எந்த மாற்று மருந்துக்கும் கழலாது. அந்த இறுகலைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. எது நிச்சயம், எது தன் ஊகம், எது தோற்றுப்போன முயற்சி என்று பிரித்துப் பிரித்துச் சொன்னாள். தோற்றுப்போனதைச் சொல்லும்போதும் குரல் இறங்கவில்லை.

நிபுணர் கேட்ட கேள்விகள் வரவரக் கடினமாகின. பதில் தெரிந்ததற்குப் பதில் சொன்னாள். ஒன்றுக்கு மட்டும், "எனக்குத் தெரியலைங்க சார். ஆனா எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு சொல்லட்டுமா?" என்றாள். நிபுணர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நஞ்சுண்டனே ஆர்வமாகக் கேட்டார். "நம்ம தோப்புல மருந்தடிக்கிற ஆளுங்க ரண்டு பேரு போன வருசம் மயங்கி உழுந்துட்டாங்க அம்மணி. எவ்வளவு நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும்?"

"எந்த மருந்துன்றதைப் பொறுத்ததுங்க சார். சிலதுக்குச் சில மணி நேரம்தான் இருக்கும். தாமதிக்கவே கூடாது. ஆளோட சேத்து மருந்து டப்பாவையும் கொண்டுபோகச் சொல்லுங்க. டாக்டருக்கு அது தெரிஞ்சாகணும்."

"நல்ல விசயம் சொன்னீங்க." அவர் நிஜமாகவே மகிழ்ந்தது முகத்தில் தெரிந்தது. "எந்த ஊருங்க உங்களுக்கு?"

"வால்பாறைங்க சார்."

"வால்பாறைல?"

எங்கள் பக்கத்தில் இது ஊரைத் தெரிந்துகொள்வதற்கான கேள்வி அல்ல. கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். இதே கேள்வியைக் காலையில் தீபக்கிடம் யாரும் கேட்கவில்லை என்பது சென்னியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எஸ்டேட் லைன்லங்க சார்," என்றாள் மெர்சி. "அப்பா இறந்துட்டாங்க. அம்மா கொழுந்து பறிச்சாங்க. இப்ப ரிட்டையர்."

"அப்படீங்களா, அப்படீங்களா. ரொம்ப சந்தோசமுங்க." நஞ்சுண்டன் மேசையிலிருந்த கண்ணாடியை எடுத்து உறைக்குள் வைத்தார். "சாப்பிட்டீங்களா அம்மணி? சாப்பிடாம போகக்கூடாதுங்க. மோகன்குமார், இவங்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு பண்ணிருங்க."

நிபுணர் கிளம்பும்போது சென்னியம்மாளின் காதோரம், "அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். சொன்னதோடு அவர் கடமை முடிந்தது. அவருடைய கையெழுத்து தாளில் இருக்கிறது, விமானம் காத்திருக்கிறது.

சென்னியம்மாள் திரும்பி வந்தபோது நஞ்சுண்டனின் அறையில் மோகன்குமார் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்தப் பொண்ணுதானுங்க," என்றார் சென்னியம்மாள், உட்காருவதற்கு முன்பே. "ரெண்டு பேருக்கும் நடுவுல ஒப்பிடவே முடியாதுங்க. நீங்களே பாத்தீங்க."

"நல்ல பொண்ணுங்க. நான் இல்லீன்னே சொல்லலீங்க." நஞ்சுண்டனின் குரல் எப்போதும்போல இதமாக இருந்தது. "ஆனா தீபக்கோட அப்பாகிட்ட நான் சொல்லிப்போட்டேனுங்க மேடம். அவங்க ஊட்டுக்குப் போயி, அவங்க கையில காப்பி வாங்கிக் குடிச்சுட்டுக் குடுத்த வாக்கு. அதை மாத்துனா நான் மனுசனா?"

"நானும் ஒரு வாக்குக் குடுத்திருக்கிறேனுங்க."

"யாருக்குங்க?"

"மெர்சிக்கு. திறமையைத்தான் பாப்போம், அதுக்கு நான் பொறுப்புன்னு சொல்லிக் கூப்பிட்டேன். அதை நம்பித்தான் அங்க வேலையை விட்டுப்போட்டு வந்திருக்குது."

நஞ்சுண்டன் மூக்குக்கண்ணாடி உறையைத் திறந்து மூடினார். அவர் யோசித்தது உண்மை. ஆனால் இரண்டு வாக்குகளையும் ஒரே தராசில் வைக்க அவருக்குத் தெரியவில்லை. ஒன்று பங்காளி வீட்டுத் தாழ்வாரத்தில் கொடுத்தது, இன்னொன்று எஸ்டேட் லைன்காரி ஒருத்திக்கு வீடியோவில் சொன்னது. எவ்வளவு படித்த மனிதர், எத்தனை நாடு பார்த்தவர், இந்த ஒரு கணக்கில் மட்டும் தாத்தா காலத்து எடைக்கல்லையே வைத்திருந்தார்.

"டிபார்ட்மெண்ட்டுன்னா ஒரு குடும்பம் மாதிரிங்க. எல்லாரும் ஒத்துப்போகோணுமில்லீங்களா," என்றார் கடைசியில். "அந்த அம்மணிக்கு வேற எடத்துல நல்லபடியாக் கெடைக்குமுங்க. அடுத்த தடவை நாமளே பாத்துக்கலாம்."

"நான் இதுக்குச் சம்மதிக்கலீங்க."

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே மேடம்," என்றார் நஞ்சுண்டன். மிரட்டலே இல்லை. மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

மோகன்குமார் தாளைத் திருப்பி அவர் பக்கமாக வைத்தார். பத்திகள் நிறைந்திருந்தன. சென்னியம்மாள் என்று போட்ட பத்தியில் மோகன்குமாரின் குண்டு குண்டான எழுத்தில் தீபக்குக்கு நாற்பத்தெட்டு, மெர்சிக்கு முப்பத்தொன்பது. கீழே தன்னுடைய கையெழுத்து. எந்த நீதிமன்றத்திலும் செல்லும்.

"இதை அடிச்சுப்போட்டு வேற தாள் போடுங்க மோகன்குமார்."

மோகன்குமார் தாளாளரைப் பார்த்தார். நஞ்சுண்டன் தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்து மூடினார். "எக்ஸ்பர்ட் கெளம்பிட்டாருங்களே. மறுபடி எங்கீங்க அவரைப் புடிக்கறது? விடுங்க மேடம். உடம்பைப் பாத்துக்கங்க, இன்னும் கொஞ்ச நாள்தான். பெரிய விழாவாப் பண்ணித்தான் உங்களை அனுப்பி வெப்போம்." எழுந்து வாசல்வரை கூட வந்தார். "தனபாலு நம்ம மில்லுல ரொம்ப நல்லாப் பண்றாருங்க. வர்ற தை மாசம் மேனேஜர் பண்ணிப்போடலாம்னு இருக்கிறேன்."

தனபால் சென்னியம்மாளின் ஒரே மகன்.

சென்னியம்மாள் படியிறங்கினார். கோபம் முழுக்கத் தன் மேலேயே இருந்தது. நஞ்சுண்டன் ஒளித்து எதையும் செய்யவில்லை. பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும் வெற்றுத்தாளை நீட்டினார்கள், இவர் படித்துப் பட்டம் வாங்கிய கையால் போட்டுக் கொடுத்தார். இனி யோசிப்பது கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். இத்தனை வருடங்களில் இப்படி எத்தனை தாள்கள்? அவற்றில் எத்தனை மெர்சிகள் இருந்தார்கள்? ஒருத்தர் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை. முடிவு தான் விரும்பியபடியே வந்த தடவைகளில் அந்தத் தாள் ஒரு தாளாகவே தெரிந்ததில்லை.

மெர்சி ஆய்வகத்தில் இருந்தாள். சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே வந்திருக்கிறாள். மௌனிகாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கணினித் திரையில் ஒரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தம் எடுத்ததுக்கும் ஐஸ்ல வெச்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் விட்டே?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரிங்க மேம். தோட்டத்துலிருந்து பஸ்ல கொண்டு வரோணும்."

"அதான் உன் கோடு இப்படி ஆடுது. உன் கணக்குல தப்பு இல்லை. அடுத்த தடவை ஐஸ் பெட்டியைத் தோட்டத்துக்கே எடுத்துட்டுப் போ."

மௌனிகாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். சென்னியம்மாளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "மேடம், எப்ப ஜாயின் பண்றாங்க?" என்று கேட்டேவிட்டாள்.

"நீ கேண்டீன் போயி ஒரு டீ குடிச்சுட்டு வா கண்ணு."

அந்தப் பெண்ணுக்கும் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்தபடி போனாள்.

மெர்சி எழுந்திருக்கவில்லை. "கிடைக்கலைங்களா மேடம்?"

"இல்லீங்க அம்மணி."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அழுவாள், கத்துவாள், என் வேலையை விட வைத்தீர்களே என்று கேட்பாள் என்று சென்னியம்மாள் எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். மெர்சி வேறொன்றைக் கேட்டாள்.

"நீங்க எனக்கு எவ்வளவு மார்க் போட்டீங்க?"

சென்னியம்மாள் கணினித் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். எங்க குறைஞ்சதுன்னு தெரிஞ்சா அடுத்த இண்டர்வியூக்கு முன்னால சரி பண்ணிக்குவேன். வேலையிலயா, பேச்சுலயா? சார் கேட்ட அந்தக் கேள்விக்குத் தெரியலைன்னு சொன்னேனே, அதுலயா?"

அவள் உண்மையாகவே கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. லைன் வீட்டிலிருந்து ஜெர்மனிவரை அவளை ஏற்றிவிட்டது மதிப்பெண்தான். குறைந்தால் ஒரு காரணம் இருக்கும், காரணம் தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று நம்பி ஏறி வந்தவள். இதமாக ஒரு பொய் சொல்லியனுப்பச் சென்னியம்மாளுக்குத் தெரியும். நிபுணருக்குத் திருப்தியில்லை எனலாம், ரொம்ப நெருக்கத்தில் போய்விட்டது எனலாம். அந்த ஊர் மரியாதை முழுக்க அந்த மாதிரிப் பொய்களில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அப்படிச் சொன்னால் இந்தப் பெண் வீட்டுக்குப் போய், இல்லாத குறையை ராப்பகலாகத் தன்னிடமே தேடுவாள்.

"உங்க மேல குறை ஒண்ணும் இல்லீங்க," என்றார். "நான் மார்க்கே போடலை. வெறுந்தாள்ல கையெழுத்து மட்டும் போட்டேன். மார்க்கை அவங்க எழுதிக்கிட்டாங்க. என் பேர்ல உங்களுக்கு முப்பத்தொன்பதுன்னு எழுதியிருக்குது. அது என் மார்க் இல்லீங்க அம்மணி."

மெர்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து மரியாதை மெதுவாக வடிவதைச் சென்னியம்மாள் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

"எங்க அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம்," என்றாள் மெர்சி. "எஸ்டேட்ல வேலை வாங்கற கங்காணி நீட்டின தாள்லயெல்லாம் கைநாட்டு வெச்சாங்க. அவங்களுக்காவது அந்தக் காரணம் இருந்துச்சு."

தன் நாற்பது வருடப் படிப்பும் உத்தியோகமும் ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோனதாகச் சென்னியம்மாளுக்குப் பட்டது.

"இப்ப சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

"எதை?"

"நீங்க மார்க் போடலைன்னு. வெறுந்தாள்னு. நான் கோர்ட்டுக்குப் போவேன் மேடம். மறைக்க விரும்பலை. உங்களுக்குக் கஷ்டம் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க நிறைய இருந்தது. விழா எடுப்பதாகச் சொன்னவர்கள் விசாரணைக் குழு அமைப்பார்கள். தனபாலுக்கு மேனேஜர் வேலை போகட்டும், இருக்கிற வேலையே நிற்காது. மருமகள் என்ன சொல்வாள்? நல்லது கெட்டதுக்கு நஞ்சுண்டன் வீட்டாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்த சொந்தமெல்லாம் என்ன பேசும்? எவளோ ஒருத்திக்காகவா என்று கேட்பார்கள். எவளோ ஒருத்தி என்ற சொல்லைத் தானும் வாழ்நாளில் பல தடவை சொல்லியிருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. பயமாக இருந்தது. பயம் போகட்டும் என்று காத்திருந்தால் அது போகாது என்பதும் தெரிந்தது.

மௌனிகாவின் மேசையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். உட்கார்ந்து எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மெர்சி வாங்கினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, விரலை வைத்து, அவசரமில்லாமல் படித்தாள். சென்னியம்மாள் காத்திருந்தார். அவள் தாளைத் திருப்பி மேசையில் வைத்தாள்.

"எப்ப கையெழுத்துப் போட்டீங்கன்னு இதுல இல்லைங்களே மேடம். நான் பேசினதுக்கு அப்புறமா?"

"இல்லீங்க." தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காலைலயே போட்டுட்டேன். நீங்க அப்ப பஸ்ல வந்துட்டிருந்திருப்பீங்க."

மெர்சி பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அதையும் எழுதுங்க," என்றாள்.

சென்னியம்மாள் எழுதினார். எழுதும்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மெர்சி ஆறுதல் சொல்லவில்லை. தாள் தன் கைக்கு வரும்வரை கையை நீட்டியபடியே நின்றாள்.